விளக்குக் கம்பத்துக்கு எண் இருக்கிறது, மரத்துக்கு?

மதிப்பிற்குரிய நகராட்சித் தலைவர், ஆணையர், மன்ற உறுப்பினர்கள், பொறியியல் பிரிவு அலுவலர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

எங்கள் தெருமுனையில் ஒரு விளக்குக் கம்பம் இருக்கிறது. அதில் மஞ்சள் வண்ணத்தில் ஓர் எண் எழுதியிருக்கிறார்கள். விளக்கு எரியவில்லை என்றால் அந்த எண்ணைச் சொன்னால் போதும். எந்தத் தெரு, எந்தக் கம்பம், கடைசியாக எப்போது பல்பு மாற்றினார்கள் என்பதை உங்கள் பதிவேடு சொல்லிவிடும். அந்தக் கம்பத்துக்கு நாலடி தள்ளி ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. கம்பத்தைவிட வயதில் மூத்தது. அதற்கு எண் இல்லை. உங்கள் பதிவேடு எதிலும் அது கிடையாது. போன மழைக்காலத்தில் விழுந்தபோதுதான், சாலையில் கிடந்த மரத்தை அகற்றிய செலவாக, அது முதன்முறையாக உங்கள் கணக்கில் ஏறியது.

மரம் வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதவில்லை. மரம் நல்லது என்பது உங்களுக்கும் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் நீங்களே கன்று நடுகிறீர்கள், படமும் வருகிறது. நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம், கொஞ்சம் சலிப்பூட்டும் விஷயமும்கூட. ஏற்கனவே நிற்கிற மரங்களைக் கணக்கில் ஏற்றுங்கள். குடிநீர்க் குழாய், சாக்கடை மூடி, குப்பை வண்டி எல்லாவற்றுக்கும் பதிவேடு வைத்திருக்கிறோம். அவையெல்லாம் வாங்கிய நாளிலிருந்து தேய்ந்துகொண்டே போகிறவை. வருடம் போகப் போக மதிப்பு கூடுகிற பொதுச்சொத்து ஊரில் மரம் ஒன்றுதான். அதற்குத்தான் ஏடு இல்லை.

அந்தத் தூங்குமூஞ்சி மரம் எப்படி விழுந்தது என்று சொல்கிறேன். காற்றில் விழுந்தது என்று பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு அப்படியொன்றும் பெரிய காற்று இல்லை. எங்கள் மாடியில் காயப்போட்ட துணிகூடக் கொடியிலேயேதான் கிடந்தது. நடந்தது அதற்கு மூன்று வருடம் முன்பு. கேபிள் பதிப்பதற்காக அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நேர்கோட்டில் பள்ளம் தோண்டினார்கள். பொக்லைன் ஒரே நாளில் தெருவை முடித்துவிட்டது. மண் குவியலின் மேல் மணிக்கட்டுப் பருமனில் வேர்கள் பிய்ந்து கிடந்தன. மேற்பார்வை பார்த்தவரிடம் கேட்டேன். "வேர்தானே சார், திரும்ப முளைச்சிரும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். பள்ளத்தை மூடி, மேலே கான்கிரீட் போட்டு, அடிமரத்தை ஒட்டிப் பூசிவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் உச்சிக் கிளைகளில் இலை குறைந்தது. அதற்கடுத்த வருடம் நுனிகள் காய்ந்தன. விழுந்த பிறகு போய்ப் பார்த்தேன். பள்ளம் போன பக்கத்தில் வேரே இல்லை. அறுந்த முனைகள் கறுத்து, விரலால் அழுத்தினால் உதிரும் பதத்தில் இருந்தன.

மரத்தின் வேர் எப்படி இருக்கும் என்று யாரைக் கேட்டாலும், மேலே விரிந்த குடையைப் போலவே கீழே ஒரு தலைகீழ்க் குடை இருப்பதாகச் சொல்வார்கள். சின்ன வயதில் அப்படிப் படம் போட்டுப் பழகிவிட்டோம். உண்மையில் அது அகலமான தட்டின் நடுவே நிற்கும் குத்துவிளக்கு மாதிரி. வேருக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும். ஆழம் போகப் போக மண்ணில் காற்று குறைவு. அதனால் நீரும் சத்தும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறத்தாழ முதல் இரண்டடிக்குள்ளேயே இருக்கும். பக்கவாட்டிலோ கிளைவிரிவின் ஓரத்தையும் தாண்டி, பல சமயம் அதைப்போல் இரண்டு மடங்கு தூரம்வரை ஓடும். நம்முடைய கேபிளும் குழாயும் போகும் ஆழமும் அந்த இரண்டடிதான். ஒரு பக்கம் நெடுகப் பள்ளம் வெட்டினால் தட்டில் பாதியை உடைத்த மாதிரி. மரம் உடனே சாகாது. சேமிப்பில் உள்ள மாவுச்சத்தைச் செலவழித்துக்கொண்டு சில வருடம் நின்றுகொண்டிருக்கும். அதற்குள் பள்ளம் தோண்டியது எல்லோருக்கும் மறந்துபோகும். பழி காற்றின்மேல் விழுகிறது.

இதற்கு விதி வைத்திருக்கிற இடங்கள் உண்டு. பிரிட்டனில் கேபிள், குழாய் பதிக்கும் நிறுவனங்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட பொது வழிகாட்டுதல் எளிமையானது. அடிமரத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் தோண்டவே கூடாது. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளந்து நாலால் பெருக்கினால் வரும் தூரத்துக்குள் இயந்திரம் கூடாது, கையால்தான் தோண்ட வேண்டும். 25 மில்லிமீட்டருக்கு மேல் பருமனான வேரைத் தகுந்தவரிடம் கேட்காமல் வெட்டக் கூடாது. ஒன்றரை மீட்டர் சுற்றளவுள்ள மரத்துக்கு ஆறு மீட்டர் என்று கணக்கு வருகிறது. தெருவில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது என்று பொறியாளர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஆறு மீட்டருக்குள் வேலையே கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. கையால் தோண்டி, வேருக்கு அடியில் குழாயை நுழைத்துக் கொண்டுபோகலாம். நீண்ட தூரத்துக்கு நிலத்தடியில் துளைத்துக்கொண்டு போகும் இயந்திரங்கள் இருக்கின்றன. பெரிய சாலைகளைக் குறுக்கே கடக்க அவற்றைப் பயன்படுத்துவதை நாமே பார்த்திருக்கிறோம். சாலையைக் காப்பாற்ற முடிகிற கருவியால் வேரையும் காப்பாற்ற முடியும்.

பள்ளம் தோண்ட அனுமதி உங்கள் அலுவலகத்திலிருந்துதான் போகிறது. அந்தப் படிவத்தில் சாலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முன்பணம் கேட்கிறீர்கள். வழியில் எத்தனை மரம், என்ன சுற்றளவு, எவ்வளவு தள்ளித் தோண்டப் போகிறீர்கள் என்று ஒரு பத்தி சேர்க்க என்ன தடை? தடை ஒன்றே ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மரம் எங்கே நிற்கிறது என்று உங்களிடமே தகவல் இல்லை. சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறோம்.

ஏடு என்றதும் பெரிய செலவு, பெரிய டெண்டர், மென்பொருள் என்று யோசிக்க வேண்டாம். நியூயார்க்கில் பத்து வருடத்துக்கு ஒருமுறை தெருமரங்களை எண்ணுகிறார்கள். 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 6,66,134 மரங்களைப் பதிவு செய்தார்கள். வேலை பார்த்தவர்களில் 2,000க்கும் மேற்பட்டோர் தன்னார்வலர்கள், சாதாரணக் குடிமக்கள். மெல்போர்ன் நகரமோ ஏறத்தாழ 70,000 மரங்களுக்கு ஆளுக்கோர் எண்ணும், கூடவே மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தது. கிளை முறிந்தால் புகார் எழுதட்டும் என்பதுதான் நோக்கம். மக்கள் மரங்களுக்கே கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நலம் விசாரித்தார்கள், தினமும் கடந்துபோகும்போது பார்ப்பதாகச் சொன்னார்கள். நமக்கு மின்னஞ்சல் எல்லாம் வேண்டாம். எண், இனம், சுற்றளவு, உயரம், நிற்கும் இடம், மேலே மின்கம்பி போகிறதா, கண்ணுக்குத் தெரியும் பழுது என்ன, கடைசியாக யார் எப்போது கை வைத்தார்கள். ஒரு வரிக்கு இவ்வளவு போதும். இதில் கடைசி விவரம்தான் உயிர். எங்கள் தூங்குமூஞ்சி மரத்துக்கு அப்படி ஒரு வரி இருந்து, அதில் "கிழக்குப் பக்கம் ஒரு முழத்தில் பள்ளம், வேர் அறுந்தது" என்று எழுதியிருந்தால், உச்சி காயத் தொடங்கியபோதே யாராவது வந்து பார்த்திருப்பார்கள். கிளைப் பாரத்தைக் குறைத்து நிறுத்தியிருக்கலாம். முடியாது என்று தெரிந்திருந்தால், அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கயிறு கட்டி இறக்கியிருக்கலாம். இரண்டு வாகனங்கள் நசுங்கியிருக்க வேண்டியதில்லை.

அடுத்தது கவாத்து, அதாவது கிளைகளைக் கழித்துவிடுவது. இங்கே கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் கவாத்து என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் மொட்டையடிப்பு. மின்கம்பியில் உரசுகிறது என்று புகார் வருகிறது. வண்டி வருகிறது. உச்சியை நேர்க்கோட்டில் வெட்டித் தள்ளிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. இலை போனதும் மரத்துக்கு உணவு தயாரிக்க வழியில்லை. அவசரத்தில், வெட்டிய முனையைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் தளிர் விடுகிறது. பார்க்கிறவர்கள் "பாத்தீங்களா, எப்படித் துளிர்க்குது" என்பார்கள். இந்தத் தளிர்கள் மரத்தின் உள்ளிருந்து வருவதில்லை, மேல்தோலோடு ஒட்டிக்கொண்டிருப்பவை. வேகமாக வளர்ந்து இரண்டு மூன்று வருடத்தில் பழையபடி கம்பியைத் தொடும். இப்போது பிடிமானம் குறைவு, பாரம் அதிகம், அடியில் வெட்டுவாய் அழுகிக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் முதலில் முறிவது இவைதான். ஆபத்தைக் குறைக்க வெட்டினோம் என்று எழுதிவைத்துவிட்டு, அடுத்த ஆபத்தை நாமே வளர்க்கிறோம். அதற்கும் ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கிறோம்.

மரத்தில் ஏற்படும் காயம் நம் உடம்பில் போல் ஆறுவதில்லை. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்து உள்ளே பார்த்தவர். 1970களில் அவர் முன்வைத்த விளக்கம் இன்றும் மரப் பராமரிப்பின் அடிப்படை. அடிபட்ட திசுவை மரம் புதுப்பிப்பதில்லை. அந்தப் பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவிட்டு, வெளியே புதுக்கட்டை வளர்க்கிறது. இப்படி அடைப்பதற்கு மரத்துக்கு வசதியான இடம் ஒன்று உண்டு. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் போல் சின்னதாக ஒரு புடைப்பு இருக்கும், அதுதான். அதைச் சேதப்படுத்தாமல் அதன் வெளி ஓரத்தில் வெட்டினால் சில வருடத்தில் வாய் மூடிக்கொள்ளும். அடிமரத்தோடு வழித்து வெட்டினால் அந்தச் சுவரையே உடைத்ததாகும். முழ நீளத்துக்குக் கிளைத் துண்டை விட்டு வெட்டினால் அது காய்ந்து, பூஞ்சைக்கும் கரையானுக்கும் வாசலாகிவிடும். வெட்டுவாயில் தாரோ வண்ணமோ பூசினால் அழுகல் நிற்கும் என்பதையும் ஷைகோ சோதித்துப் பார்த்து, பயனில்லை என்றே சொன்னார்.

பெரிய கிளையை ஒரே வெட்டில் எடுக்கவும் கூடாது. முதலில் அடிமரத்திலிருந்து சற்றுத் தள்ளி, கீழ்ப்புறமாக ஒரு வெட்டு. அதற்கு வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு, கிளை விழுந்துவிடும். மிச்சமிருக்கும் கிளைத் துண்டைப் புடைப்பின் ஓரத்தில் மூன்றாவதாக எடுக்க வேண்டும். மேலிருந்து ஒரே வெட்டாகப் போட்டால் கிளை தன் பாரத்தில் முறிந்து, அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். நம் தெருக்களில் நிற்கும் மரங்களில் இந்தத் தழும்பு இல்லாத ஒன்றைக் காட்டினால் சந்தோஷப்படுவேன். இதையெல்லாம் கற்றுக்கொள்ள ஒரு நாள் பயிற்சி போதும். ஏறி வெட்டுகிறவர்கள் திறமைசாலிகள். அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவ்வளவுதான். இத்தனை மரம் முடித்தால் இவ்வளவு பணம் என்று டெண்டர் விட்டுவிட்டு நிதானமாக மூன்று வெட்டு போடச் சொன்னால் எப்படி நடக்கும்? பணி ஆணையில் எந்த எண் மரம், எந்தக் கிளை, எதற்காக என்று எழுதுங்கள். ஒரே பருவத்தில் பச்சைக் கிளைகளில் கால்பங்குக்கு மேல் எடுப்பதில்லை என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் வரம்பு. அதையும் சேர்த்து எழுதலாம். மின்கம்பிப் பிரச்சினைக்கு உறையிட்ட கம்பியும், கம்பிக்கு அடியில் உயரம் குறைந்த இனங்களும்தான் நிரந்தர வழி. மரத்தை வருடா வருடம் தண்டிப்பதால் அது குட்டையாகக் கற்றுக்கொள்ளாது.

எல்லாவற்றையும்விட மலிவான கவாத்து எது தெரியுமா? இளம் மரத்துக்குச் செய்வது. நட்ட முதல் பத்து வருடத்துக்குள் இரண்டு மூன்று தடவை, ஒருவர் கைரம்பத்தோடு வந்து இரட்டைத் தலையில் ஒன்றை எடுத்துவிட்டு, மிகத் தாழ்வான கிளைகளைக் கழித்தால் போதும். பிற்காலத்தில் கவட்டை பிளந்து பாதி மரம் சாலையில் விழுவதை அன்றே தடுத்ததாகிவிடும். ஒரு மரத்துக்குக் கால் மணி நேர வேலை. அதைச் செய்யாமல் விட்டு முப்பது வருடம் கழித்துக் கிரேன் வரவழைக்கிறோம்.

ஆணி, விளம்பரத் தட்டி, சீரியல் விளக்கு, அடிமரத்தை இறுக்கிக் கட்டிய கம்பி, அடியில் எரிக்கும் குப்பை. இவற்றைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. ஒன்று மட்டும். கன்றைக் காக்கப் போட்ட இரும்புக் கூண்டையும் கட்டிய கயிற்றையும் மரம் பெருத்த பிறகு கழற்ற யாரும் வருவதில்லை. எங்கள் தெருவில் ஒரு புங்க மரம் தன் கூண்டை விழுங்கிக்கொண்டு நிற்கிறது. கூண்டில் உபயம் செய்தவர் பெயரில் இன்னும் மூன்று எழுத்து வெளியே தெரிகிறது.

நடுகைக்கு வருவோம். இத்தனை கன்று நட்டோம் என்ற எண்ணிக்கையை நீங்கள் வெளியிடுகிறீர்கள். இத்தனை பிழைத்தன என்ற எண்ணிக்கையை வெளியிட்டு நான் பார்த்ததில்லை. கன்று நட்ட பிறகு முதல் இரண்டு மூன்று வருடம் தண்ணீர் ஊற்றினால்தான் வேர் சுற்றுமண்ணுக்குள் இறங்கும். நட்டதற்கான பணத்தை நட்ட அன்றே கொடுத்துவிட்டால் மூன்றாவது வருடத் தண்ணீருக்கு யார் வருவார்கள்? ஒப்பந்தத் தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, மூன்று வருடம் கழித்து உயிரோடு நிற்கும் கன்றை எண்ணிக் கொடுங்கள். சாலை போட்டவருக்குப் பழுது பார்க்கும் பொறுப்புக் காலம் வைப்பது போலத்தான் இதுவும்.

நடும் விதத்திலும் பழுது இருக்கிறது. குழி ஆழமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். அது அகலமாகத்தான் இருக்க வேண்டும். கன்றின் வேரோடு ஒட்டியிருக்கும் மண்கட்டியை, அதாவது வேர்மண்ணைப் போல் இரண்டு மூன்று மடங்கு அகலம், ஆழம் வேர்மண் அளவே போதும். அடிமரம் வேராக விரியத் தொடங்கும் இடம் தரைக்கு மேலே தெரிய வேண்டும். பையிலேயே அதிக நாள் இருந்த கன்றில் வேர் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்துவிடாமல் நட்டால் பத்துப் பதினைந்து வருடம் கழித்து அந்த வேரே அடிமரத்தைச் சுற்றி நெரிக்கும். மண்மேல் சருகு பரப்பி மூடாக்கு போடுவது நல்லது, ஆனால் தண்டைத் தொடாமல். நாலு பக்கமும் கான்கிரீட் பூசி நடுவில் ஒரு சாண் மண் மட்டும் விட்டுவிட்டு, இது ஏன் வளரவில்லை என்று மரத்தைக் குறை சொல்லக் கூடாது.

எந்த மரம் நடுவது என்பதில் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்க நகரங்களில் தெருவுக்குத் தெரு எல்ம் மரங்கள் வரிசையாக நின்றன. இருபதாம் நூற்றாண்டில் எல்ம் நோய் வந்து அவற்றை வாரிக்கொண்டு போனது. பல ஊர்களில் அதற்குப் பதிலாக ஆஷ் மரங்களை நட்டார்கள், மறுபடியும் ஒரே இனமாக. 2002இல் டெட்ராய்ட் பகுதியில் ஆஷ் மரத்தைத் துளைக்கும் மரகதப் பச்சை வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அது பரவிய இடமெல்லாம் கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் பட்டுப்போயின. 2013இல் வெளியான ஓர் ஆய்வு 15 மாநிலங்களின் புள்ளிவிவரத்தை எடுத்துப் பார்த்தது. வண்டு பரவிய மாவட்டங்களில் இதய, சுவாச நோய்களால் நேர்ந்த இறப்புகள் கூடியிருந்ததை அது கண்டது. இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறது என்றுதான் ஆய்வாளர்கள் சொன்னார்கள், மரம் போனதுதான் காரணம் என்று சத்தியம் செய்யவில்லை. இருந்தாலும் படித்த அன்று வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஃபிராங்க் சாண்டமோர் என்ற தாவரவியலாளர் 1990லேயே ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். ஊர் மரங்களில் ஒரே இனம் 10 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. நெருங்கிய உறவுள்ள இனங்கள் சேர்ந்த ஒரே பேரினம் 20க்கு மேல், பேரினங்கள் சேர்ந்த ஒரே குடும்பம் 30க்கு மேல் கூடாது. நம் ஊரில் அந்த விழுக்காடு எவ்வளவு? சொல்ல முடியாது. எண்ணவில்லையே.

சரி, வெட்ட வேண்டிய மரங்களும் இருக்கின்றன. அதை மறுக்கிற ஆள் நான் இல்லை. பட்டுப்போனது, வேர் அழுகியது, பள்ளிக்கூட வாசலில் சாய்ந்து நிற்பது, இவற்றை எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் பொந்து இருப்பதாலேயே மரம் விழுந்துவிடும் என்ற முடிவுக்கு வர வேண்டாம். நடுக்கட்டை செத்த கட்டை. பாரம் தாங்குவது வெளிவளையம்தான். இரும்புக் குழாயும் உள்ளே காலிதான், நிற்கவில்லையா? மரத்தின் உடலைப் பார்த்தே பழுதை அறியும் முறையை வகுத்த ஜெர்மானிய அறிஞர் கிளாஸ் மாத்தெக், மிச்சமிருக்கும் நல்ல கட்டையின் கனம் ஆரத்தில் 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் பெரும்பாலும் தாங்கும் என்று ஓர் அளவுகோல் சொன்னார். அதில் விவாதம் உண்டு என்றாலும் தொடக்கச் சோதனைக்கு உதவுகிறது. மரச்சுத்தியால் தட்டிக் கேட்பது, மெல்லிய ஊசியால் துளைத்துப் பார்ப்பது, ஒலியலை அனுப்பி உள்படம் எடுப்பது என்று படிப்படியாகப் போக வழி இருக்கிறது. பயத்துக்கும் ஓர் அளவு வேண்டும். பிரிட்டனில் மரமோ கிளையோ விழுந்து ஒருவர் இறக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒரு கோடியில் ஒன்று என்று அங்குள்ள மரப் பாதுகாப்புக் குழு கணக்கிட்டிருக்கிறது. நம் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் ஒரு மரம் விழுந்த மறுநாள் அந்தச் சாலையில் உள்ள எல்லா மரங்களையும் வெட்டச் சொல்லிக் கையெழுத்து வாங்கி வருகிறார்களே, அவர்களிடம் காட்டவாவது நமக்கென்று ஒரு கணக்கு வேண்டாமா?

வெட்டுவதை எப்படிச் செய்வது என்பதற்கு ஷெஃபீல்டு நகரத்தைப் பார்த்தாலே போதும், எப்படிச் செய்யக் கூடாது என்று தெரிந்துவிடும். இங்கிலாந்தின் அந்த நகரம் 2012இல் சாலைப் பராமரிப்புக்கு 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. தெருமரங்கள் ஏறத்தாழ 36,000. அதில் 17,500 மரங்களை எடுத்துவிட்டுப் புதிதாக நடுவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். மக்கள் எதிர்த்தார்கள். 2016 நவம்பரில் ஒரு தெருவில் விடிவதற்கு முன்பே போலீசோடு வந்து, தூங்குகிறவர்களை எழுப்பி வாகனங்களை நகர்த்தச் சொல்லிவிட்டு மரங்களை வெட்டினார்கள். மரத்தடியில் நின்ற வயதானவர்கள் கைதானார்கள். 2018இல் வேலையை நிறுத்துவதற்குள் 5,000க்கும் மேற்பட்ட மரங்கள் போய்விட்டன. 2023இல் மார்க் லோகாக் தலைமையிலான விசாரணைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது, அதன்பின் நகர மன்றம் மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. வெட்டலாம் என்று பட்டியலில் இருந்த மரங்களில் பல இன்றும் நிற்கின்றன. நடைபாதைக் கல்லைத் தூக்கிய வேருக்கு மேல் நடைபாதையைக் கொஞ்சம் உயர்த்திப் போட்டால் போதும் என்ற வழியைப் பிறகுதான் கையில் எடுத்தார்கள்.

அதனால் கேட்கிறேன். ஆபத்து அவசரம் தவிர மற்ற எந்த மரத்தை வெட்டுவதானாலும், அந்த மரத்திலேயே அறிவிப்பு ஒட்டுங்கள். எண், காரணம், யார் பார்த்துச் சொன்னார், வெட்டுவதைத் தவிர வேறு என்ன யோசித்தீர்கள், எந்தத் தேதிக்குள் ஆட்சேபம் சொல்லலாம். வெட்டிய பிறகு தெரியவருவது அறிவிப்பு ஆகாது.

ஒன்றை வெட்டினால் பத்து நடுவோம் என்ற சமாதானத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து மீட்டர் விரிந்த ஒரு மரம் ஏறத்தாழ 78 சதுர மீட்டருக்கு நிழல் தருகிறது. ஒரு மீட்டர் விரிந்த கன்று முக்கால் சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். அந்த ஒரு மரத்தை ஈடுகட்ட இப்படிப்பட்ட நூறு கன்று வேண்டும், அத்தனையும் பிழைக்கவும் வேண்டும். லண்டன் மர அலுவலர்கள் தெருமரத்துக்குப் பண மதிப்புப் போடும் முறையை அடிமரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரு மரத்துக்கு ஒரு மரம் என்று தலையை எண்ணுவதைவிட அது நேர்மையானது. வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவதையும் தீர்வாகச் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் முன்பே வேரைச் சுற்றிப் படிப்படியாக வெட்டி, புதுவேர் விடவைத்து, பெரிய வேர்மண்ணோடு எடுத்தால்தான் அது பலிக்கும். காலையில் பிடுங்கி மாலையில் நட்டுவிட்டுப் படம் எடுப்பது பெயர்த்து நடுவது ஆகாது.

இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்று கேட்டால் அலுவலகத்தில் ஆளுக்கொரு மேசையைக் காட்டுகிறார்கள். சருகு அள்ளுவது சுகாதாரப் பிரிவு. வெட்டுவது பொறியியல். கம்பிக்காக வெட்டுவது மின்துறை. நடுவது பூங்காப் பிரிவு. விழுந்தால் தீயணைப்பு. மரம் நிற்கும்போது மட்டும் அது யாருடையதும் இல்லை. ஒரே ஒருவரை நியமியுங்கள், மரத்தைப் படித்தவராக. பள்ளத்துக்கும் கவாத்துக்கும் வெட்டுக்கும் அவர் கையெழுத்து இல்லாமல் வேலை நடக்கக் கூடாது. அந்த ஒருவரின் சம்பளம் எங்கள் தெருவில் அந்த ஒரே மரம் வைத்த செலவைவிடப் பெரிதாக இருக்குமா என்று தெரியவில்லை. கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. போன மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, அளவு நாடாவும் நோட்டுமாக நாலைந்து பேர் எங்கள் தெருவை நடந்து முடித்தோம். 41 மரங்கள். ஒவ்வொன்றுக்கும் தற்காலிகமாக ஓர் எண் கொடுத்து, சுற்றளவும் பழுதும் எழுதியிருக்கிறோம். ஆணி எதுவும் அடிக்கவில்லை. சுண்ணாம்பால் எழுதிய எண், மழை வந்தால் அழிந்துவிடும். அதற்குள் வந்து பார்த்தால் நல்லது. நகல் இத்துடன் இருக்கிறது. அவசரமாகப் பார்க்க வேண்டியவை மூன்று: 9ஆம் எண்ணில் கவட்டை விரிந்து தண்ணீர் தேங்குகிறது, 22இல் அடியில் பூஞ்சைக் குடை வந்திருக்கிறது, 30இன் கூண்டை உடனே அறுத்தெடுக்க வேண்டும். 17ஆம் மரத்தின் தெற்குக் கிளை மின்கம்பியைத் தொடுகிறது, அதையும் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதில் காக்கை கூடு கட்டியிருக்கிறது, குஞ்சு இருக்கிறது. பறக்கட்டும், இன்னும் மூன்று வாரம் பொறுத்து வண்டியை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
41 மரங்கள் உள்ள தெருவிலிருந்து ஒருவர்